மார்பகப் புற்றுநோயும் மனச்சோர்வும்: கேட்டால்தானே தெரியும்

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "தைரியமா இருங்க." அன்போடுதான் சொல்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு அந்தப் பெண்ணால் "எனக்குப் பயமா இருக்கு, ராத்திரி தூக்கமே வரல" என்று வாய் திறக்க முடியுமா? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு இந்த நோய் இருப்பது தெரியவந்தது. கட்டிக்கு அறுவை சிகிச்சை, கீமோ, ரேடியேஷன் என்று ஒரு வரிசை இருக்கிறது. மனதை யார் பார்ப்பது என்பதற்குத்தான் பல இடங்களில் பதில் இல்லை.

மனச்சோர்வு கண்ணுக்குத் தப்பிப்போவதற்கு எளிமையான காரணம் ஒன்று உண்டு. பசியின்மை, தூக்கமின்மை, எழுந்து நடக்கவே முடியாத அசதி, இவையெல்லாம் மனச்சோர்வின் அறிகுறிகள். கீமோவின் பக்கவிளைவுகளும் இவைதான். அதனால் மருத்துவர் "கீமோ முடிஞ்சா சரியாயிடும்" என்கிறார், அந்தப் பெண்ணும் அப்படியே நம்பிக்கொண்டு மாதக்கணக்கில் இருட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். 1983இல் சிக்மண்ட், ஸ்னெய்த் என்ற இரண்டு மருத்துவர்கள் இந்தச் சிக்கலை மனதில் வைத்துத்தான் 14 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். உடல்நோயோடு குழம்பிப்போகக்கூடிய பசி, அசதி போன்றவற்றை வேண்டுமென்றே விட்டுவிட்டு, முன்பு பிடித்ததெல்லாம் இப்போதும் பிடிக்கிறதா, சிரிக்க முடிகிறதா, எதையாவது ஆவலோடு எதிர்பார்க்கிறீர்களா என்று கேட்கிறது அது. அசதியாக இருந்தாலும் பேரனைப் பார்த்தால் முகம் மலர்கிறவருக்கும், அவனைக் கண்டும் எதுவும் தோன்றாதவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கே பிடிபடும்.

இதைவிடச் சுருக்கமான கருவியும் இருக்கிறது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் போல ஒரு படம், 0 முதல் 10 வரை எண்கள். கடந்த ஒரு வாரத்தில் மனவேதனை எவ்வளவு என்று வட்டமிட வேண்டும், அவ்வளவுதான். 4 அல்லது அதற்கு மேல் என்றால் கூடுதலாக விசாரிக்கிறார்கள். கூடவே பணம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, மருத்துவமனைக்குப் போய்வருவது, வலி என்று ஒரு பட்டியலும் இருக்கும். எனக்கு இந்தப் பட்டியல்தான் எண்ணைவிட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் 8 என்று வட்டமிட்ட பெண்ணுக்குத் தேவைப்படுவது ஆலோசகரே அல்ல, வாரத்தில் மூன்று நாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று அதில்தான் தெரியவரும்.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. அப்புறம்? இங்கேதான் பல ஏற்பாடுகள் நின்றுபோகின்றன. ஸ்காட்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. புற்றுநோயோடு கடும் மனச்சோர்வும் இருந்த 500 பேர், அதில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு பாதிப் பேருக்கு, மனச்சோர்வு இருப்பதை அவர்களுடைய மருத்துவர்களுக்குத் தெரிவித்துவிட்டு வழக்கமான கவனிப்புக்கு விட்டார்கள். இன்னொரு பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற புற்றுநோய் நர்ஸ்கள் தொடர்ந்து சந்தித்தார்கள்; அன்றாடப் பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கவும், விட்டுப்போன வேலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கவும் உதவினார்கள், மனநல மருத்துவர்கள் மருந்தையும் முன்னேற்றத்தையும் கண்காணித்தார்கள். 24 வாரங்களில் இந்தக் குழுவில் 62 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. தகவல் சொன்னதோடு விட்ட குழுவில் 17 சதவீதம்தான். மருத்துவருக்குத் தெரியும் என்பதும் ஒருவர் பொறுப்பெடுத்துப் பார்க்கிறார் என்பதும் எவ்வளவு வேறு என்று யோசித்துப் பாருங்கள்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனம் உறுதியாக இருந்தால் புற்றுநோயே தோற்றுவிடும் என்ற பேச்சு. 1989இல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவரின் ஆய்வில், நோய் பரவிய நிலையில் இருந்த பெண்களில் வாராவாரம் கூடிப் பேசிய குழுவினர் ஏறக்குறைய இரண்டு மடங்கு காலம் வாழ்ந்ததாகத் தெரிந்தது, பெரிய பரபரப்பும் ஆனது. ஆனால் அதே முறையை 2001இல் 235 பெண்களை வைத்துச் சோதித்த பெரிய ஆய்வில் ஆயுள் கூடவில்லை. மனவேதனை குறைந்தது, வலியின் கடுமை குறைந்தது. அதுவே பெரிய விஷயம் இல்லையா? ஆயுளைக் கூட்டினால்தான் மதிப்பு என்று ஏன் நினைக்க வேண்டும்? நோய் திரும்ப வந்த பெண்ணிடம் "நீ மனசைத் தளரவிட்டுட்ட" என்று சொல்வது கொடுமை, அதற்கு அறிவியல் ஆதாரமும் கிடையாது.

சிகிச்சை முடியும் நாளில் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, பல பெண்களுக்கோ அன்றுதான் பயம் தொடங்குகிறது. அதுவரை அடிக்கடி யாரோ பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள், இனி இல்லை. முதுகு வலித்தாலே திரும்ப வந்துவிட்டதோ என்று தோன்றும், உடனே தடவிப் பார்ப்பார், கொஞ்ச நேரம் ஆறுதல், மறுபடி சந்தேகம், மறுபடி தடவல். அந்தக் கொஞ்ச நேர ஆறுதல்தான் பழக்கத்தை வளர்க்கிறது. எந்த அறிகுறி எத்தனை நாள் நீடித்தால் வர வேண்டும், பரிசோதனை எப்போது என்று தெளிவாக எழுதிக் கொடுத்து, இடைப்பட்ட நாட்களில் எழும் பயத்தை உடனே அடக்கப் பார்க்காமல் வந்துபோக விடுவதற்குப் பயிற்சி தருவது இதற்கு நல்ல வழி.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புற்றுநோய் திரும்ப வராமல் தடுக்கப் பலருக்குத் தரும் டாமாக்சிஃபென் மாத்திரையை 5 முதல் 10 ஆண்டுகள்வரை எடுக்க வேண்டியிருக்கும், திடீர் திடீரென உடம்பு கொதிப்பது, பிறப்புறுப்பு உலர்ந்துபோவது எல்லாம் அதனால் வரலாம். இந்த மருந்தைக் கல்லீரல்தான் ஒரு நொதியின் உதவியால் வீரியமான வடிவத்துக்கு மாற்றுகிறது. மனச்சோர்வுக்குத் தரும் பாராக்செட்டின், ஃப்ளூவாக்செட்டின் இரண்டும் அதே நொதியைத் தடுக்கின்றன. வென்லாஃபாக்சின் அவ்வளவாகத் தடுப்பதில்லை, உடல் கொதிப்பையும் குறைக்கும். அதற்காக எந்த மாத்திரையையும் தானாக நிறுத்திவிடக் கூடாது. இரண்டு மருத்துவர்களிடமும் இரண்டு சீட்டுகளையும் காட்டிக் கேட்க வேண்டும். தாம்பத்தியத்தில் வரும் சிரமத்தையும் அப்போதே கேட்டுவிடலாம். மருத்துவராகக் கேட்பார் என்று காத்திருந்தே ஆண்டுகள் போய்விடுகின்றன.