பழி பீர் மேல், குற்றவாளி எலுமிச்சை

மார்ச் விடுமுறைக்கு மெக்சிகோவின் கான்கூன் கடற்கரைக்குப் போனவர்கள் ஹூஸ்டன் திரும்பிவிட்டார்களா என்பது எங்கள் கிளினிக்கிலேயே தெரிந்துவிடும். தொடையில் சாறு வழிந்த வாக்கில் கோடு கோடாகக் கருமை. கட்டைவிரலடியில் கொப்புளம். "டாக்டர், எனக்கு மெக்சிகன் பீர் அலர்ஜி போல." இந்த வருடமும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

பீர் அலர்ஜி இல்லை. ஜெல்லி மீனும் கொட்டவில்லை. பாட்டில் வாயில் ஒரு எலுமிச்சைத் துண்டைச் செருகினீர்களே, அதன் வேலை. எலுமிச்சைச் சாற்றிலும், அதைவிட அதிகமாக அதன் தோலிலும், ஃபியூரோகூமரின்கள் என்ற ரசாயனங்கள் இருக்கின்றன. அவை உடம்பில் பட்ட இடத்தில் வெயிலின் யுவிஏ (ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) விழுந்தால் அந்த இடம் வெந்துபோகும். ஃபைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ் என்போம். 2010இல் அமெரிக்கத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் 'மெக்சிகன் பீர் டெர்மடைட்டிஸ்' என்றே ஒரு கட்டுரை வந்தது. பாவம், பீர்.

வெண்புள்ளிக்கு சொராலென் என்ற மருந்து கொடுத்து யுவிஏ விளக்கின் முன் நிறுத்துகிறோமே, அதுவும் இதே ரசாயனக் குடும்பம்தான். சித்த மருத்துவத்தின் கார்போகரிசியில் இருப்பதும் அதுவே. நாங்கள் அளந்து அளந்து வெளிச்சம் கொடுக்கிறோம். கடற்கரையில் யார் அளப்பது?

மெக்சிகோக்காரர்கள் குடிக்கும் முறையைப் பாருங்கள். செலாடா என்றால் விளிம்பில் உப்பு தடவிய கிளாசில் எலுமிச்சை பிழிந்து பீர் ஊற்றுவது. மிளகாயும் சாஸும் சேர்ந்தால் மிச்செலாடா. சாறு கிளாசுக்குள் போகிறது. ஒரிசாபாவில் 1897இல் பிறந்த டோஸ் எக்கிஸின் ஆம்பர், நெக்ரா மொடேலோ போன்ற வியன்னா வகை லாகர் பீர்களுக்கு எலுமிச்சை தேவையே இல்லை என்பது என் கட்சி. சிக்கலெல்லாம் சுற்றுலாக்காரர் முறையில்தான். துண்டைப் பாட்டிலுக்குள் தள்ளி, கட்டைவிரலால் வாயை அடைத்துக் கவிழ்த்து, விரலை எடுத்ததும் பீய்ச்சும் நுரையை வயிற்றிலும் தொடையிலும் வழியவிட்டு, அப்படியே மல்லாந்து படுப்பது. (அந்த நிறமில்லாத பாட்டிலில் வெயில் பட்டால் பீரும் கெட்டு நாறும். அது வேறு துறை.)

பட்டவுடன் எரிந்தால் சந்தேகமாவது வரும். இது ஒரு நாள் கழித்துத்தான் சிவக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அதற்குள் ஊர் திரும்பியிருப்பீர்கள். எலுமிச்சை ஞாபகத்தில் இருக்காது.

எனக்குக் கோபம் வருவது அடுத்த கட்டத்தில். கருமை படிந்ததும் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? எலுமிச்சை தேய்க்கிறோம்! "கருமை போகும்னு அத்தை சொன்னாங்க." போகாது. எந்தச் சாறு சுட்டதோ அதையே சுட்ட புண்ணில் தடவிவிட்டு வெயிலில் கார் ஓட்டுகிறீர்கள். யுவிஏ கார் கண்ணாடி வழியாகவும் வரும். நம்மூர் எலுமிச்சை சாது என்றும் நினைக்க வேண்டாம்: மெக்சிகோவின் சின்ன லிமோனும் அதுவும் ஒரே இனம், அங்கே கொண்டுபோனவர்கள் ஸ்பானியர்கள். தேனோ தயிரோ கலந்தாலும் எலுமிச்சை எலுமிச்சைதான். முகத்தில் தேய்க்காதீர்கள், அக்குளில் தேய்க்காதீர்கள், குழந்தைக்குத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். கருமை தானாகக் கலையும். வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். நம் நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பொறுமை வேண்டும். அதுவரை அந்த இடத்தில் வெயில் படாமல் மூடுங்கள்.

கடற்கரையில் எலுமிச்சை வேண்டுமென்றால் உள்ளே உட்கார்ந்து பிழியுங்கள். கைபட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடல் தண்ணீரில் நனைப்பது கழுவுவது ஆகாது. சாற்றின் மேலேயே சன்ஸ்கிரீன் பூசிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிதாக இருந்தாலோ, வலி கூடினாலோ, சீழ் வைத்தாலோ உடனே வாருங்கள்.

ஒரு கெஞ்சலும் உண்டு. எலுமிச்சைக் கையோடு பிள்ளையைத் தூக்கினால் அதன் முதுகில் ஐந்து விரலும் பதிந்து பழுக்கும். அதைப் பார்த்த மருத்துவர்கள் யாரோ அடித்ததாகவோ சூடு வைத்ததாகவோ சந்தேகப்பட்ட கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பெற்றோர்களே, கையைக் கழுவிவிட்டுத் தூக்குங்கள். அவசர சிகிச்சையில் இருக்கும் சக மருத்துவர்களே, பெற்றோரை விசாரிக்கும்போது எலுமிச்சை பிழிந்தார்களா என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.