செருகுவாய்: ‘ஸ்லொட்’ என்னும் சொல் பற்றி

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கணினி திருத்துபவர் எவரைக் கேட்டாலும் ‘ஸ்லொட்’ என்றே சொல்வார். வலையமைப்பு அட்டை, வட்டுகளை ஆளும் அட்டை போன்ற விரிவாக்க அட்டைகளை அழுத்தி நிறுத்துவதற்காகச் சேவையகத்தின் தாய்ப்பலகையில் அமைந்துள்ள, உள்ளே இரு வரிசையாக உலோகத் தொடுகைகள் கொண்ட நீண்ட பிளவே அது.

பழைய பிரெஞ்சில் மான், குதிரை ஆகியவற்றின் குளம்புத் தடத்தைக் குறித்த சொல்லிலிருந்து இது வந்தது என்பர். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது நெஞ்சுக்குழியைக் குறித்தது. ஒன்றைப் பொருத்துவதற்கான ஒடுங்கிய திறப்பு என்னும் பொருள் 16ஆம் நூற்றாண்டில் தோன்றியது. மாரி முடிந்த வன்னிக் காட்டோரத்தில், ஈரமண்ணில் பதிந்த மான் குளம்பின் இரட்டைப் பிளவைக் கண்டவருக்கு இந்த வழித்தோன்றல் வியப்பளிக்காது.

தமிழில் துளை, செருகிடம், செருகுவாய் என மூன்று சொற்களை எண்ணிப் பார்க்கலாம். துளை என்றதும் வட்டமே நினைவுக்கு வருவதால் அது பொருந்தாது. செருகுதல் நம் வீட்டு வினை; வேலை முடிந்ததும் கத்தியை இறப்பில் செருகிவைப்போம். ஆகவே செருகிடம் பிழையன்று. ஆனால் அது அட்டை நிற்கும் இடத்தை மட்டுமே சொல்கிறது. அதனூடாக ஒன்று பாய்வதை ‘வாய்’ உணர்த்துவதால் நான் செருகுவாய் என்றே எழுதுகிறேன். (நேர அட்டவணையில் வரும் ‘ஸ்லொட்’டுக்கு இது ஆகாது, அங்கே நேர ஒதுக்கீடு போதும்.)

பாயும் தரவின் அளவு செருகுவாயின் நீளத்தைப் பார்த்துத் தெரிவதில்லை. அட்டைகளை இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையில் செருகுவாய்கள் பெரும்பாலும் 1, 4, 8 அல்லது 16 தடங்களுக்குரிய (தரவு பாயும் வழிகளுக்குரிய) நீளத்தில் அமையும். எனினும் 16 தட நீளமுள்ள ஒன்றுக்குப் பின்னால் 8 தடங்கள் மட்டுமே இணைக்கப்பட்டிருப்பது வழமை. மூன்றாம் தலைமுறையில் ஒரு தடம் ஒரு திசையில் செக்கனுக்கு ஏறத்தாழ 985 மெகாபைட் கடத்துமாதலால், அத்தகைய செருகுவாயில் 16 தட அட்டையைப் பொருத்தினாலும் 8 கிகாபைட்டைக்கூட எட்டாது. வாய்க்காலை எவ்வளவு அகலமாக வெட்டினாலும், துருசு திறந்த அளவுக்குத்தானே இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வரும்.

எந்தக் குளத்தின் வாய்க்கால் என்பதும் முக்கியம். இரு செயலிகளுக்கு, அதாவது கணிப்பை நடத்தும் சில்லுகளுக்கு, இடமுள்ள சேவையகத்தில் சில செருகுவாய்கள் முதலாம் செயலிக்கும் மற்றவை இரண்டாம் செயலிக்கும் உரியவை. இரண்டாவது செயலி பூட்டப்படாவிட்டால் அதற்குரியவை உயிரற்றே கிடக்கும். கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் புதிய வலையமைப்பு அட்டையின் விளக்கு எரியவில்லை. “அண்ணை, காட் செத்துப்போச்சு” என்றார் உடனிருந்த தம்பி. மின்னை நிறுத்தி, வடத்தையும் கழற்றி, பொன்முலாம் பூசிய விளிம்பில் படிந்திருந்த செம்மண் தூசை அழிறப்பரால் துடைத்துத் திரும்பச் செருகினோம்; பயனில்லை. அரை நாளுக்குப் பிறகே மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தோம். அட்டை நின்ற றைசர் (செருகுவாய்களைத் தாங்கித் தாய்ப்பலகையில் நிற்கும் சிறு பலகை) இரண்டாம் செயலிக்குரியது. அந்தச் செயலியின் இடமோ பிளாஸ்திக் மூடியுடன் வெறுமையாக இருந்தது. முதலாம் செயலியின் றைசருக்கு மாற்றியதும் விளக்கு பச்சையாக எரிந்தது.

வரைபடத்துக்குக் கீழே, “இரண்டாம் செயலியின் செருகுவாய்கள்: செயலி பூட்டும்வரை அட்டை செருக வேண்டாம்” என்று ஒரு துண்டு எழுதி ஒட்டிவிட்டு மூடியைப் பூட்டினோம்.