லாரல் வேலி இலையைப் பிரியாணியில் போடாதீர்கள்

லண்டனிலோ டப்ளினிலோ இருக்கும் பிள்ளை வீட்டுக்குப் போய்வரும் வேலூர், ஆம்பூர்ப் பெற்றோர் வேலியில் பறித்த இலையின் படத்தைக் காட்டி, "இது நம்ம பிரிஞ்சி இலைதானே?" என்று கேட்பது நிற்கவே இல்லை. இல்லை ஐயா, இல்லை அம்மா. படத்தில் பெரும்பாலும் இருப்பது செர்ரி லாரல். அது விஷம்.

"பக்கத்து வீட்டுக்காரர் லாரல்னுதான் சொன்னார்" என்கிறீர்கள். அவர் சொன்னது சரிதான். அங்கே வேலிக்கு நடும் பல செடிகளுக்கு லாரல் என்றே பெயர். சமையலுக்கு ஆவது பே லாரல் மட்டும். செர்ரி லாரல் பிளம், பாதாம் இனத்தது. இலையை நறுக்கினாலோ கசக்கினாலோ சயனைடு வெளிப்படும். நெடுஞ்சாலை நடுவில் நிற்கும் அரளியை, இலை நீளமாக இருக்கிறதென்று குழம்பில் போடுவோமா?

நம் பிரிஞ்சி இலையில் அடியிலிருந்து மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடும். அதை அங்கே தேடாதீர்கள். இரண்டு லாரலிலும் நடுநரம்பு ஒன்றுதான். பே லாரல் இலை 5 முதல் 10 செ.மீ., பளபளப்பு குறைவு, ஓரம் அலையலையாக இருக்கும். செர்ரி லாரல் இலை அதைவிடப் பெரியது, மினுங்கும், ஓரத்தில் சிறு பற்கள் இருக்கும். மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். சயனைடின் கசப்புப் பாதாம் வாசம் எல்லார் மூக்குக்கும் எட்டாது. பே லாரலின் தாவரவியல் பெயரான 'லாரஸ் நோபிலிஸ்' என்ற சீட்டோடு நர்சரியில் வாங்கிய செடியில் மட்டும் பறியுங்கள்.

பே லாரல் வேலியாகவே வேண்டுமா, வசந்தத்தில் 60 செ.மீ. இடைவெளியில் நடச் சொல்லுங்கள். வெயில் படணும், வாடைக்காற்று நேராக அடிக்கக் கூடாது. வேரடியில் தண்ணீர் நின்றால் செடி போச்சு. களிமண்ணென்றால் மேட்டுப்பாத்தி போடணும். மைனஸ் 5 டிகிரி வரை பெரிய செடி தாங்கும், இளங்கன்றுக்குப் போர்வை வேண்டும். தொட்டிச் செடிக்கு வேரே உறைந்துவிடும், தொட்டியையும் சுற்றிக் கட்டுங்கள். மெதுவாகத்தான் வளரும், உரத்தைக் கொட்டி விரட்டாதீர்கள். கோடையில் கவாத்துக் கத்தரியால் கிளை கிளையாக வெட்டணும். வேலிக்கத்தரியால் சீவினால் அறுபட்ட இலையெல்லாம் பழுப்பாகும். ஓரம் தடித்துச் சுருண்ட இலை சாறுறிஞ்சும் பூச்சியின் வேலை, கிள்ளி எறிந்தால் போதும்.

இன்னொன்று: பெட்டியில் கன்று ஒளித்துக் கொண்டுவராதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் செடி கொண்டுவரக் கூடாது.

சந்தேக இலை ஏற்கெனவே சட்டியில் விழுந்திருந்தால் இலையை மட்டும் எடுத்துப்போட்டுச் சாப்பிடாதீர்கள். சட்டியோடு கொட்டுங்கள். சாப்பிட்டிருந்தால் தலைசுற்றல், மூச்சிரைப்பு வரட்டுமென்று காத்திருக்காமல், அந்த இலையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.