பழைய மேசைக் கணினிக்கு எந்த இயங்குதளம்?

பெட்டியைத் திறந்து, மின்விசிறியையும் அதன் அடியிலுள்ள அலுமினியக் கட்டியையும் கழற்றி, காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்தால் புராசசரின் முதுகில் பொறித்த எழுத்துகள் தெரியும். இன்டெல் சில்லில் 'எஸ்எல்' என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். பல சில்லுகளில் அதன் பக்கத்திலேயே 'மலாய்' என்றும் இருக்கும். மலேசியாவில் பொதிந்த சில்லு என்பதற்கான அடையாளம் அது. இன்டெல் வெளிநாட்டில் தொடங்கிய முதல் ஆலை 1972ல் பினாங்கில் அமைந்தது. பட்டர்வொர்த்துக் கோயில் அலுவலகத்திலோ பிரிக்பீல்ட்ஸ் கடையிலோ தூசி படிந்து கிடக்கும் கணினியின் சில்லு இந்த மண்ணிலேயே உருவம் பெற்றதாக இருக்கலாம். அந்த ஐந்தெழுத்தை இணையத்தில் தேடினால் சில்லின் முழு ஜாதகமும் கிடைக்கும். எந்த இயங்குதளம் ஒத்துவரும் என்பதை முதலில் தீர்மானிப்பது அதுதான்.

கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. பழைய பென்டியம் 4 கணினிகளின் தாய்ப்பலகைகளில் பசை இறுகிப்போய், கட்டியை இழுத்தால் சில்லும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், கால்கள் வளையும். கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். பிறகு அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, கட்டியை இடம் வலமாக மெல்லத் திருகி எடுங்கள். திரும்பப் பொருத்தும்போது புதுப் பசை கட்டாயம்.

குறியீட்டில் பார்க்க வேண்டியது, சில்லு 64 பிட்டா 32 பிட்டா, அதாவது ஒரே நேரத்தில் எவ்வளவு அகலமான எண்ணைக் கையாளும் என்பது. கோர் 2 டுவோ 64 பிட். பெயரில் 2 இல்லாத கோர் டுவோ 32 பிட். பென்டியம் 4ல் முந்தியவை 32, 600 வரிசை போன்ற பிந்தியவை 64. அடுத்து, எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுதி உண்டா என்று பாருங்கள். பென்டியம் 3லும் ஏஎம்டியின் அத்லான் எக்ஸ்பி சில்லிலும் அது கிடையாது. இன்றைய பிரவுசர்கள் அதை எதிர்பார்த்தே எழுதப்படுவதால், இவற்றில் எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் இணையம் பார்ப்பது நடக்காத காரியம்.

இதே வகைத் தடைதான் விண்டோஸ் 11க்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு உண்டா என்று பார்க்கும் சோதனையைத் தாண்டி 11ஐ ஏற்றித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். ஆனால் 2024ல் வந்த 24எச்2 பதிப்பு எஸ்எஸ்இ4.2 கட்டளைகளைக் கேட்கிறது. கோர் 2 டுவோவில் அவை இல்லை. சில்லுக்குத் தெரியாத கட்டளை வந்தால் இயங்குதளம் எழும்பவே எழும்பாது, எந்தக் குறுக்குவழியும் உதவாது. ஆகவே இந்த வயதுக் கணினிகளுக்கு இலவச இயங்குதளமான லினக்ஸ்தான் பாதுகாப்பான வழி.

லினக்ஸ் போட்டதும் கணினி பறக்கும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். மேசைத்திரை மட்டும் திறந்திருக்கும்போது கணினி சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். பிரவுசரில் நான்கு பக்கங்களைத் திறந்ததும் உறைந்துவிடும். காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ரேம் நிறைந்துவிட்டால் இயங்குதளம் அதன் ஒரு பகுதியை 4 கேபி துண்டுகளாக ஹார்ட் டிஸ்குக்கு மாற்றும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி எடுக்கும். வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, ஊசி நகர இன்னொரு 9 மில்லிவினாடி, ஆக ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 13. வினாடிக்கு 75 துண்டு, அதாவது வெறும் 300 கேபி. துண்டுகள் சிதறிக் கிடந்தால், 100 எம்பி பக்கம் ஒன்றைத் திரும்பக் கொண்டுவர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டியில் சுழலும் வட்டு இல்லாததால் ஒரு துண்டுக்கு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அதனால் செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றையும், பலகை தாங்குகிற அளவுக்கு ரேமையும் வாங்குங்கள். கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவில் தேடலாம். டிடிஆர்2, டிடிஆர்3 ஆகிய இரு ரேம் வகைகளுக்கும் கால்கள் 240தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் ரேமின் கால்கள் கறுத்துப்போயிருக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துப் பொருத்தி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ரேம் கோளாறு இருந்தால் நிறுவல் பாதியில் காரணம் புரியாமல் நிற்கும், பழி இயங்குதளத்தின் மேல் விழும்.

இனித் தேர்வு. லினக்ஸில் பல வகைகள் உண்டு. 64 பிட், 4 ஜிபி ரேம் என்றால் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. 64 பிட், 2 ஜிபி என்றால் டெபியன் 13, எல்எக்ஸ்கியூடி என்ற இலேசான மேசைத்திரையோடு. இதில் சீரேம் என்ற வசதியையும் இயக்கிவிடுங்கள். வட்டுக்குப் போக வேண்டியதைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும். கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இயங்குதளத்துக்கு 4 ஜிபி வேண்டும், 2010க்கு முந்திய பாகங்களில் அது சரியாக ஓடாமல் போகலாம்.

32 பிட் கணினியின் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. டெபியன் 13ல் அதற்கான நிறுவியே இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2025 அக்டோபரில் வந்த 144ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்திக்கொண்டது. டெபியன் 12ஐ அடியாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் 23 இன்னும் ஓடும், 1 ஜிபி ரேமிலும் ஓடும். டெபியன் 12க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூனில் முடிகிறது. தட்டச்சு, ரசீது அச்சிடுதல், கணக்கு எழுதுதல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, வங்கி வேலையை இதில் செய்யாமல் இருப்பதே சரி. பப்பி லினக்ஸ் இன்னும் இலேசானது, ஆனால் இயல்பாகவே நிர்வாகி உரிமையோடு ஓடும். பலர் கை வைக்கிற தமிழ்ப்பள்ளிக் கணினிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

எதையும் வட்டில் நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். பென்டிரைவைத் தயாரிக்கும் ரூஃபஸ் நிரலில் எம்பிஆர் முறையைத் தேர்ந்தால்தான் கணினியைத் தொடக்கிவைக்கும் பழைய பயாஸ் அதை ஏற்கும். திரை கறுப்பாகவே நின்றால் மின்ட் தொடக்கப் பட்டியலில் 'கம்பேட்டிபிலிட்டி மோட்' உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் ஒவ்வொரு இணையப் பக்கமும் 'பாதுகாப்பற்றது' என்று வந்தால் தேதியைப் பாருங்கள். பலகையிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து கடிகாரம் பல ஆண்டு பின்னுக்குப் போயிருக்கும். இணையத்தளங்களின் சான்றிதழ்கள் அந்தத் தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் கருதும். புது பேட்டரி போட்டுத் தேதியைத் திருத்தினால் போதும். யூடியூப் திக்கினால் 480பிக்கு இறக்கி, 'எச்264ஃபை' என்ற பிரவுசர் நீட்சியைச் சேருங்கள், காணொளியை எச்.264 வடிவில் வரவழைக்கும். விபி9, ஏவி1 என்ற புதிய வடிவங்களில் சுருக்கிய காணொளிகளைப் பிரிக்கும் வன்பொருள் பழைய கிராஃபிக்ஸ் சில்லுகளில் இல்லாததால் சுமை முழுதும் புராசசர் தலையில் விழுகிறது, எச்.264ன் சுமை குறைவு.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் லோகித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவுங்கள். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலோடு எம்17என் விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலியியல் இரண்டும் கிடைக்கும். ஆனால் பழைய விண்டோஸ் எக்ஸ்பி உள்ள வட்டை அழிக்கும் முன் அதிலுள்ள தமிழ்க் கோப்புகளைத் திறந்து பாருங்கள். சங்கக் கூட்டக் குறிப்புகள், கோயில் உபயதாரர் பட்டியல்கள் பல டிஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில் இருக்கும். அவற்றில் தமிழ் எழுத்துகள் 128 முதல் 255 வரையுள்ள எண்களில் அமர்ந்திருப்பதால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத்தான் தெரியும். கோப்புகளோடு விண்டோஸ் அடைவிலுள்ள ஃபான்ட்ஸ் அடைவையும் நகலெடுத்து வைத்து, எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, ஒன்றிரண்டைப் படித்துச் சரிபார்த்த பிறகே வட்டை அழியுங்கள்.