வாங் ஏன் இத்தனை பேர்? குடும்பப்பெயர்கள் அழியும் கணக்கு

சீனர்களில் இத்தனை பேர் ஏன் வாங், லீ என்றே இருக்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். சீன அரசின் மக்கள் பதிவேட்டின்படி, வாங் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் மட்டும் 10 கோடிக்கு மேல், லீயும் அப்படியே. முதல் ஐந்து பெயர்களிலேயே நாட்டு மக்களில் சுமார் 30 சதவீதம் பேர் அடங்கிவிடுகிறார்கள். பக்கத்திலுள்ள ஜப்பானிலோ ஒரு லட்சத்துக்கும் அதிகமான குடும்பப்பெயர்கள் இருக்கின்றன.

இதற்கான விடை சீனக் குடும்பத்தில் மகனுக்கு இருந்த இடத்தில் தொடங்குகிறது. பெற்றோரை முதுமையில் தாங்குவது, முன்னோருக்கு வழிபாடு செய்வது, குடும்பப்பெயரைக் கடத்துவது எல்லாம் அவன் பொறுப்பு. மகள் மணமாகிக் கணவன் வீட்டுக்குப் போய்விடுவாள். அவள் பெறும் பிள்ளைகள் அந்த வீட்டுப் பெயரைத் தாங்குவார்கள். பெற்றோருக்குச் செய்யும் பிழைகளில் சந்ததியில்லாமல் போவதே பெரிது என்றார் பழஞ்சீனத் தத்துவஞானி மென்சியஸ். குலம் அற்றுப்போகும் என்ற அந்த அச்சம் கணக்கின்படி முற்றிலும் நியாயமானது. அந்தக் கணக்கை நிதானமாகப் பார்ப்போம்.

எல்லாத் தம்பதியருக்கும் சரியாக இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆணா பெண்ணா என்பது நாணயத்தைச் சுண்டுவது போல. மக்கள்தொகை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஒரு தந்தைக்குச் சராசரியாக ஒரு மகன். அப்படியானால் பெயரும் நிலைக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டும் பெண்ணாகப் பிறக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. அந்த வீட்டில் பெயர் முதல் தலைமுறையிலேயே முடிந்துவிட்டது.

அடுத்த தலைமுறையில் என்ன ஆகும்? ஒரே மகன் இருக்க வாய்ப்பு 50 சதவீதம். அவனுக்கும் மகன் பிறக்காமல் போவது அதில் கால்பங்கு, அதாவது 12.5. இரண்டு மகன்கள் இருக்க வாய்ப்பு 25 சதவீதம். இருவருக்குமே மகன் இல்லாமல் போவது அதில் பதினாறில் ஒரு பங்கு, சுமார் 1.6. முதலில் அழிந்த 25ஐயும் கூட்டினால் 39 சதவீதம். இதே படியைத் திரும்பத் திரும்பப் போட்டால் ஐந்தாம் தலைமுறையில் 60, பத்தாம் தலைமுறையில் 74. போகப்போக 100ஐ நெருங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பெயர் எவ்வளவு பெருகினாலும் மீண்டும் குறைய வழி உண்டு. சுழியைத் தொட்ட பெயர் திரும்பி வரவே வழியில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்துதான். ஆயிரம் ஆண்கள், ஆயிரம் பெயர்களோடு தொடங்குங்கள். பத்துத் தலைமுறைக்குப் பிறகும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்கள் இருப்பார்கள். பெயர்களோ சுமார் 260தான். எந்தப் போரும் பஞ்சமும் வேண்டியதில்லை. மகன்கள் பிறப்பதில் உள்ள ஏற்றத்தாழ்வே இதைச் செய்துவிடுகிறது. சீனாவில் குடும்பப்பெயர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தந்தைவழியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜப்பானில் எல்லாக் குடிமக்களும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது 1875இல்தான். அங்கே பெயர்கள் சாகப் போதுமான காலம் இன்னும் ஆகவில்லை. இது மட்டுமே காரணம் அல்ல. சீனாவில் பிற இனத்தார் பெரும்பான்மை ஹான் இனத்தின் பெயர்களை ஏற்றதும் உண்டு.

ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1873இல் இந்தப் புதிரை அச்சில் கேட்டார். அடுத்த ஆண்டு கணிதவியலாளர் ஹென்றி வாட்சனுடன் சேர்ந்து ஆய்வாக வெளியிட்டார். பிரான்ஸின் கணிதவியலாளர் பியனெமே 1845இலேயே சரியான விடையை எட்டியிருந்தார், ஆனால் நெடுங்காலம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிற்காலத்தில் இதே கணிதம் அணுக்கருச் சங்கிலி வினைக்கும் தொற்றுநோய்ப் பரவலுக்கும் அடிப்படையானது. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கு நிதியை மறுப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

சீனக் குடும்பங்கள் கணிதம் தெரியாமலே மாற்று வழிகளைக் கண்டன. மகன் இல்லாதவர் தம்பியின் மகனைச் சுவீகாரம் எடுத்தார்; அல்லது வீட்டோடு மருமகனைக் கொண்டுவந்தார், பிள்ளைகளுக்கு மனைவி வீட்டுப் பெயர். இவற்றோடு கொடுமையான வழிகளும் இருந்தன. மகன் பெறாத மருமகள் ஏசப்பட்டாள். பாலினத்தைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு சுமக்கும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம்தான் என்பதைப் பள்ளிப் பாடமே சொல்கிறது. அதைப் படித்த பிறகும் எந்த நாட்டிலாவது பெண்ணைப் பழிப்பவர்களை நான் மன்னிக்கத் தயாரில்லை. 1980 முதல் ஒரு குழந்தைக் கொள்கை இந்த நெருக்கடியை இன்னும் இறுக்கியது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 117 ஆண் குழந்தைகள். இயற்கையில் அது 105 அளவில்தான் இருக்கும். கருவிலேயே பெண்கள் விலக்கப்பட்டதன் எண் அது.

இப்போது மாற்றம் தெரிகிறது. கன்பூசியஸ் வம்சாவளி நூல் 2009இல் புதுப்பிக்கப்பட்டபோது முதன்முறையாகப் பெண்களையும் சேர்த்து, 20 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பதிந்தது. தாயின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் 2020இல் பிறந்து பதிவான குழந்தைகளில் தந்தை பெயருக்கும் தாய் பெயருக்கும் விகிதம் 12க்கு 1.

ஜியாங்சு, ஜெஜியாங் மாகாணங்களில் ஒற்றைப் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள் 'இருதலைத் திருமணம்' செய்துகொள்கிறார்கள். இரு வீட்டுக்கும் சம உரிமை; ஒரு பிள்ளைக்கு அப்பாவின் பெயர், இன்னொன்றுக்கு அம்மாவின் பெயர். மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். பிறப்பது ஆணோ பெண்ணோ, ஒவ்வொருவரின் பெயரும் சரியாக ஒரு பிள்ளைக்குப் போகிறது. சராசரி பழைய கணக்கில் இருந்த அதே ஒன்றுதான், ஆனால் ஏற்றத்தாழ்வு இல்லை. எனவே அழிவு வாய்ப்பு சுழி. இரண்டு பிள்ளைகள் பிறக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மூன்று பிள்ளைகள் வரை அரசு அனுமதித்த பிறகும் பல தம்பதியர் ஒன்றோடு நிறுத்திவிடுவதால், அந்த ஒன்றுக்கு யார் பெயர் என்று இரு வீட்டாரும் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது.