சிவிக் இழுக்குதில்லை என்று வருகிறவர்களுக்கு

மூன்று மாதத்துக்கு முந்திய சனிக்கிழமை. கிராண்ட்பாஸிலுள்ள என் கராஜுக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு தம்பி வந்தார். வெள்ளை ஹொண்டா சிவிக், 1.0 டர்போ, ஓட்டோ கியர். இறங்கும்போதே ஃபோனை நீட்டினார். "அண்ணா, இதப் பாருங்கோ. இதே கார் ஏழு செக்கன்ல நூறு போகுது. என்ட பதின்மூன்று எடுக்குது. ரீமெப் பண்ணித் தருவீங்களா?" ரீமெப் என்றால் எஞ்சின் கம்பியூட்டரின் மென்பொருளை மாற்றி வலுவைக் கூட்டுவது.

வீடியோவில் ஓடியது அமெரிக்கக் கார். வெளித்தோற்றம் அச்சொட்டாக அதே கார்தான். ஆனால் பொனட்டுக்குள் 1.5 லீற்றர், நான்கு சிலிண்டர், 174 குதிரைவலு. தம்பியுடையது 988 சிசி, மூன்று சிலிண்டர், 129. எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து இறக்குமதி வரி போடுகிற நாட்டில், 1000 சிசிக்குள் அடங்கிய பெரிய செடான் என்பதால்தான் ஐரோப்பாவுக்கென்று செய்த இந்த எஞ்சின் கொழும்பில் இவ்வளவு ஓடுகிறது. போதாததற்கு, அமெரிக்கர்கள் அளப்பது 60 மைல் வரைதான், அதாவது 96.5 கிலோமீற்றர். முதல் ஒரு அடி உருண்ட பிறகே கடிகாரத்தைத் தொடங்குவதும் அங்குள்ள சஞ்சிகைகளின் வழக்கம். அந்த ஏழு செக்கனையும் நம்முடைய 0 முதல் 100 வரையான நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது.

இந்தக் காருக்குக் கம்பனி சொல்வது ஏறத்தாழ 11 செக்கன். ஆக, தேட வேண்டியது ஏழுக்கும் பதின்மூன்றுக்கும் இடையில் உள்ளதை அல்ல, காணாமற்போன இரண்டு செக்கனை.

ஸ்கேனரைப் பூட்டி, அவரையும் ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்க அதிவேக வீதிக்குப் போனேன். 0 முதல் 100 வரை நான் அளப்பதில்லை. 40 இலிருந்து 80 வரை பெடலை முழுக்க மிதித்தால் போதும், நோய் தெரிந்துவிடும். 7 செக்கன் எடுத்தது. திரும்பி வந்து ஜாக்கியில் தூக்கிப் பின் இடது சில்லைக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. வலது சில்லு தாராளமாகச் சுற்றியது. கெலிப்பர், அதாவது பிரேக் பாட்டை டிஸ்க்கில் அழுத்துகிற கவ்வி, நகர்கிற ஊசி துருப்பிடித்து இறுகி, பாட் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. தம்பி இவ்வளவு காலமும் ஒரு பிரேக்கை மிதித்தபடியே ரேஸ் ஓடியிருக்கிறார்!

அடுத்தது ரயர். காரோடு வந்தவை 17 அங்குல ரிம்மும் 235/45 ரயரும். இவர் வடிவுக்கென்று 18 அங்குல ரிம் பூட்டியிருந்தார், ரயர் அளவை மட்டும் 235/45 என்றே விட்டுவிட்டார். அந்த 45 என்பது ரயர் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு அதன் பக்கச் சுவரின் உயரம் என்பது. ரிம் பெரிதானால் அது இறங்க வேண்டும். 18க்குச் சரியானது 235/40. இறக்காததால் சில்லின் விட்டம் 643 மில்லிமீற்றரிலிருந்து 669 ஆகிவிட்டது. நூற்றுக்கு நாலு. எல்லாக் கியரும் நாலு வீதம் கனத்துப்போனது போலத்தான் இதுவும். சில்லு ஒரு சுற்றில் கூடத் தூரம் போவதால் ஓடோமீற்றரும் குறைத்தே காட்டும். "பெற்றோலும் கூடக் குடிக்குது" என்று அவர் புறுபுறுத்ததில் ஒரு பங்கு இந்தக் கணக்குப் பிசகு.

எயார் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். பேலியகொடைத் தூசி முழுக்க அதற்குள்தான் இருந்தது.

பெற்றோலையும் கேட்டேன். ஒக்டேன் 92 தான் அடிப்பாராம். ஐரோப்பாவில் பம்பில் சாதாரணமாகக் கிடைப்பதே 95. 92 ஊற்றினால் எஞ்சின் உடனே உடையாது. பெற்றோல் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் சத்தத்தை நொக் சென்சர் பிடித்ததும் கம்பியூட்டர் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும், வலு இறங்கும். கொழும்பு வெயிலில் இது இன்னும் மோசம். 15 பாகைக் குளிரில் உள்ளதைவிட 32 பாகையில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தரை வீதம் குறைவு. பொரளைச் சந்தியில் பத்து நிமிடம் நின்ற காரில், டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் அடுப்பில் வைத்த சட்டிதான், உள்ளே போகும் காற்றுக்கு அதனால் ஒரு குளிர்ச்சியும் கிடைக்காது.

இனி ரீமெப். நான் செய்து கொடுப்பதில்லை. கம்பனியே இந்த எஞ்சினை மனுவல் கியரில் 200 நியூட்டன் மீற்றருக்கு விட்டிருக்கிறது, ஓட்டோவில், அதாவது பெல்ட்டும் கப்பியும் கொண்டு ஓடுகிற சீவீடீ கியரில், 180 உடன் நிறுத்திவிட்டது. செய்தவனே பிடித்து வைத்த முறுக்குவிசையை லெப்டொப்போடு வருகிற ஒருவர் அவிழ்த்துவிடுவது எந்தத் துணிச்சலில்? இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட்டும் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. மலிவான ஒயிலும் பிந்திப் பிந்தி மாற்றுவதும் அந்த பெல்ட்டைத் தின்னும், உதிர்ந்த துணுக்கு ஒயில் பம்பின் வடிகட்டியை அடைக்கும். ரீமெப் செய்ய வைத்திருக்கும் காசில் சரியான தர ஒயிலை வாங்குங்கள்.

கொழும்புக்குள் வேக எல்லை 50. நூறு வரும் முன் சிக்னல் வந்துவிடும். இழுவை உண்மையில் தேவைப்படுவது நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டு, புத்தளம் தாண்டி, ஒரு பஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொள்ளும்போதுதான். ஐந்து பேரும் பைகளும் ஏறினால் தனியாக ஓட்டும்போது இருந்த எடையில் ஐந்திலொரு பங்கு கூடிவிடும், 11 செக்கன் 13 ஆகும். பஸ் 50 இல் போகிறது, நீங்கள் சராசரி 65 இல் முந்துகிறீர்கள் என்று வையுங்கள். முன்னும் பின்னும் இடைவெளி விட்டு முந்தி முடிக்க 11 செக்கன் வேண்டும். அதற்குள் நீங்கள் ஓடுவது 199 மீற்றர், எதிரே 70 இல் வருகிறவர் ஓடுவது 214. 400 மீற்றருக்கு மேல் வெற்று வீதி தெரியாவிட்டால் பஸ்ஸின் பின்னாலேயே இருங்கள். தனியாகப் போகும்போது பழகிய கால், வீட்டார் ஏறியதும் அதே கணக்கைப் போடும். விபத்து பார்த்த கார்களை இழுத்து வருகிறவர்கள் சொல்லும் கதைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

நிற்பதற்கும் கணக்கு உண்டு. நூறில் போகிற கார் காய்ந்த தாரில் நல்ல ரயரோடு நிற்க 40 மீற்றர் அளவில் எடுக்கும். மழையில், தேய்ந்த ரயரில் 80 வரை போகலாம். கால் பிரேக்குக்குப் போகிற ஒரு செக்கனில் 28 மீற்றர் ஏற்கெனவே போய்விட்டது.

கெலிப்பரைத் திறந்து சுத்தம் செய்து கிரீஸ் வைத்தோம். ஃபில்டர் புதிது. டாங்கில் இருந்த 92 தீர்ந்தபின் 95 அடிக்கச் சொன்னேன். ரிம் விஷயத்தில்தான் தம்பிக்கு மனமில்லை, "அண்ணா, பதினேழு வடிவில்ல" என்றார். பழைய 17 நாலும் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறதாம். இரண்டு கிழமை கழித்து அவற்றைப் பூட்டிக்கொண்டு வந்தார், அம்மா கட்டிலுக்குக் கீழே கூட்ட முடியவில்லை என்று ஏசினாவாம். அதே வீதி, அதே இரண்டு பேர், 40 இலிருந்து 80: ஐந்தரைச் செக்கன்.