வகைமுதிர்வு: ‘டிஃபரன்சியேஷன்’ தமிழில்

காரைக்குடியில் உயிரியல் படிக்கும் அக்காள் மகள் தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு வரியை அனுப்பியிருந்தாள்: ‘வேதிப்பொருள் சேர்த்ததும் ரத்த அணுக்கள் வேறுபாடு அடைந்தன.’ கீழே ஒரு கேள்வி: “எதிலேருந்து வேறுபாடு, மாமா?”

நியாயமான கேள்விதான். அந்த ‘வேறுபாடு’, ஆங்கில ‘டிஃபரன்சியேஷன்’ என்ற சொல்லுக்கு வைத்த தமிழ். அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘டிஸ்’ என்றால் பிரிந்து, ‘ஃபெர்ரே’ என்றால் கொண்டுபோதல். கணக்குக்காரர்கள் இதற்கு ‘வகையிடல்’ என்று வைத்துக்கொண்டார்கள். உயிரியலில் பொருள் வேறு. எலும்பு மஜ்ஜையில் உள்ள குருத்தணு (ஸ்டெம் செல்) எந்த வேலைக்கும் உரியதல்ல. அதன் வழிவந்தவை சிவப்பணுவாகவும் தட்டணுவாகவும் கிருமியை விழுங்கும் வெள்ளையணுவாகவும் ஆகின்றன. ஒரு வகையைச் சேர்வதும் அந்த வகைக்குள் முற்றுவதும் இதில் சேர்ந்தே நடக்கின்றன. ‘வேறுபாடு’ முதல் பாதியை மட்டும் சொல்கிறது.

இரண்டாம் பாதி ஏன் முக்கியம் என்பதற்கு எச்.எல்-60 நல்ல உதாரணம். ரத்தப் புற்று கண்ட ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து அமெரிக்காவில் ராபர்ட் கேலோவின் குழுவினர் வளர்த்தெடுத்து, 1977இல் அறிவித்த அணு வரிசை அது; அதாவது, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கிவரும் அணுக்கூட்டம். இந்த அணுக்கள் பெருகும், ஆனால் முற்றாது, பிஞ்சாகவே நின்றுவிடும். அவற்றின் வளர்ப்பு நீரில் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானை ஒன்றேகால் சதவீத அளவில் கலந்தால், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானவை பெருகுவதை நிறுத்தி, உட்கரு மடல்மடலாகப் பிரிந்து, நியூட்ரோஃபில் என்ற, கிருமியை விழுங்கும் வெள்ளையணு மாதிரி ஆகிவிடுகின்றன. விழுங்கவும் தொடங்குகின்றன. 1978இல் வந்த செய்தி இது. 1980இல், வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினாயிக் அமிலமும் இதையே செய்வது தெரிந்தது.

அப்பத்தா வீட்டில் கல்யாணத்துக்கு வாங்கிய வாழைத்தார்களை மூட்டம் போடுவார்கள். அடுக்கி, புகை விட்டு, காற்றுப் போகாமல் மூடிவைப்பது. புகையில் இருக்கும் எத்திலீன் பழுக்கத் தூண்டும். விளைந்த காயாக இருந்தால்தான் பலிக்கும். பிஞ்சைப் போட்டால் வெம்பிப்போகும். எச்.எல்-60உம் பாதி வழி வந்து நின்ற அணுதான், அதனால்தான் தூண்டலுக்கு இணங்குகிறது. மூட்டப் பழத்தின் குறையும் உண்டு: இயல்பான நியூட்ரோஃபிலில் இருக்கும் சில துகள்கள் இதில் உருவாவதில்லை. மேலே மஞ்சள், உள்ளே கொஞ்சம் கெட்டி.

‘பக்குவம்’ என்று சொல்லலாமே என்றாள் அக்காள் மகள். அழகான சொல், ஆனால் வடமொழி வழி வந்தது. எந்த வகை என்பதும் அதில் இல்லை. அந்த ‘எந்த’ முக்கியம். ஏனென்றால் இதே அணுவுக்கு ஃபோர்பால் எஸ்டரைக் கொடுத்தால் நியூட்ரோஃபில் பக்கம் போகாமல், தட்டில் ஒட்டிக்கொண்டு, பெருவிழுங்கி (மேக்ரோஃபேஜ்) என்ற வேறு வகை விழுங்கணு மாதிரி ஆகிறது. (அந்த எஸ்டர் நேர்வாள எண்ணெயில் கிடைப்பது. சித்த மருத்துவர் சுத்தி செய்து பேதிக்குக் கொடுக்கிறாரே, அதே நேர்வாளம். எலித்தோலில் கட்டியை ஊக்குவிக்கும் அந்தப் பொருள், இங்கே புற்றணுவின் பெருக்கத்தை நிறுத்துகிறது!)

ஆகவே என் பரிந்துரை ‘வகைமுதிர்வு’. ஆங்கிலத்தில் அணு தானாக மாறினாலும் நாம் மாற்றினாலும் ஒரே சொல்தான். தமிழில் பழுத்தல், பழுக்கவைத்தல் என்று தன்வினையும் பிறவினையும் தனித்தனியே இருக்கின்றன. மஜ்ஜையில் நடப்பது வகைமுதிர்தல். ஆய்வகத் தட்டில் நடப்பது வகைமுதிர்வித்தல். தூண்டும் பொருளை ‘முதிர்ப்பி’ எனலாம்.

இது தட்டோடு நிற்கவில்லை. ஷாங்காயில் வாங் ஜென்யியின் குழு, வெள்ளையணுக்கள் பிஞ்சு நிலையிலேயே நின்றுவிடும் முன்மைலோசைட் ரத்தப் புற்றுக்கு ரெட்டினாயிக் அமிலத்தின் ஒரு வடிவத்தை மருந்தாகக் கொடுத்து 1988இல் முடிவுகளை வெளியிட்டது. அணுவைக் கொல்லாமல் முற்றவைத்தே நோயைத் தணிக்கும் சிகிச்சை. ‘முதிர்விப்பு மருத்துவம்’ என்றால் பொருள் சட்டென விளங்கும்.

“சரி மாமா, பரீட்சையில் எழுதினா மார்க் போடுவாங்களா?” என்றாள். முதலில் ‘வேறுபாடு’ என்று எழுதிவிட்டு, பக்கத்தில் இதையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.